உருண்டையின் மூச்சு

மழை பிடித்துக்கொண்டால் சலவைக்கூடத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. கொடியில் துணி காயவில்லை என்று விடுதிகளெல்லாம் மூட்டை மூட்டையாக விரிப்புகளை அனுப்பிவிடும். வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டாலே பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள். உள்ளே ஈர வாடை, சோப்பு வாடை, சூட்டில் வேகும் பருத்தியின் வாடை. ரோலர் என்று அவர்கள் சொல்லும் பெரிய இயந்திரம் கூடத்தின் நடுவில் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்துச் சுருக்கமில்லாமல் அதன் வாய்க்குள் கொடுக்க வேண்டும். சூடான உருளை அதை இழுத்துக்கொண்டு போய் மறுபக்கம் காய்ந்த துணியாகத் துப்பும். கொஞ்சம் கவனம் பிசகினால் விரல் போய்விடும்.

கொடுக்கிற பக்கம் நின்றவர்களில் ஒருத்தியை எல்லாரும் பெரியக்கா என்பார்கள். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் கட்டாதவள். எந்த வெக்கையிலும் கழுத்தைச் சுற்றி ஒரு பருத்தித் துண்டு போட்டிருப்பாள். வியர்வை துடைக்க என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எதிர்முனை பிடிப்பவளுக்கு வாயாடி என்று பேர். அந்தப் பேருக்கு அவள் ஒரு நாளும் கெட்ட பேர் வாங்கித் தந்ததில்லை.

"என்ன பெரியக்கா, துணி உங்க பக்கம் கோணுது. மனசு எங்க இருக்கு?"

"இங்கதான் இருக்கு."

"இங்க இருந்தா கோணாதே. பாப்பாவ நெனச்சுட்டு இருக்கீங்களா?"

பெரியக்கா ரோலரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உருளை ஈரத்தைக் குடித்து ஆவியைக் கக்கும்போது ஒரு சீறல் வரும். சீறல் முடிகிற இடத்தில், குட்டியாக, யாரோ தொண்டைக்குள் முக்குகிற மாதிரி இன்னொரு சத்தம். 'க்ம்.' அடுத்த சீறல். மறுபடி, 'க்ம்.' அதை அவள் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறாள். பல வருஷம் அது வராமலும் இருந்திருக்கிறது. தம்பிக்குக் குழந்தை பிறந்த பிறகு திரும்ப வந்துவிட்டது.

பஞ்சர் கடைக்கு மேலே இரண்டு அறையில் அவர்கள் குடியிருந்தார்கள். தம்பி ரொட்டிக்கூடத்தின் வேன் ஓட்டுகிறவன். விடிவதற்கு முன் கிளம்பி, கடை கடையாக ரொட்டி இறக்கிவிட்டு மதியம் திரும்புவான். அவன் சட்டையிலும் தலைமுடியிலும் எப்போதும் புது ரொட்டியின் வாசனை. அவன் மனைவி செருப்புத் தொழிற்சாலையில் தையல் போட்டவள். பிரசவத்துக்கு நின்றவள் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. பாப்பாவுக்குத் தவழும் வயது. உடம்பு வைக்கவில்லை என்பதைத் தவிர யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. பால் குடிக்கும்போது நடுவில் விட்டுவிட்டு மூச்சு வாங்கும். "சோம்பேறி, அப்பன மாதிரி," என்று தம்பி மனைவி செல்லமாகத் திட்டுவாள்.

பெரியக்காவுக்கு மட்டும் தெரிந்தது. ஒரு சாயங்காலம் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கீழே டயருக்குக் காற்று அடிக்கும் மோட்டார் நின்றது. அறை அமைதியானது. அவள் காதை ஒட்டி அந்தச் சத்தம் வந்தது. 'க்ம்.'

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு நான்கடி தள்ளிப் போய் நின்றாள். அங்கேயும் கேட்டது. 'வந்துட்டான்,' என்று நினைத்தாள். 'இவ மேல வந்துட்டான்.'

அவன் என்பது உருண்டை. தம்பிக்கு முன்னால் பிறந்த தம்பி. பிறக்கும்போது பந்து மாதிரி இருந்ததால் அப்பா வைத்த பட்டப்பேர் அது. கடைசி நாட்களில் விலாவெல்லாம் எண்ணக்கூடிய அளவுக்கு இளைத்த பிறகும் எல்லாரும் உருண்டை என்றே கூப்பிட்டார்கள். அவனுக்கு மூன்று வயது ஆகும்போது அவளுக்குப் பதினொன்று. அம்மாவும் அப்பாவும் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவனைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஒரு மழை நாள் அவன் முற்றத்துச் சேற்றில் புரண்டுவிட்டான். அம்மா வந்தால் அடி விழும் என்று பயந்து, வெந்நீர் போட விறகு காயாததால், தொட்டித் தண்ணீரை அப்படியே மொண்டு தலையில் ஊற்றிக் குளிப்பாட்டினாள். அவன் சிரித்தான். அன்று ராத்திரி காய்ச்சல் கண்டது. மூச்சு இழுத்தது. ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் 'க்ம்' என்று முக்கினான். ஆஸ்பத்திரியில் சளி என்றார்கள், அப்புறம் நெஞ்சில் சீழ் என்றார்கள், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டான்.

எடுத்துக்கொண்டு போன அன்று அம்மா அவளைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "நீ ஊத்துன தண்ணி." அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. அது இன்னும் கொடுமை. வீட்டை மாற்றினார்கள். அவன் சட்டைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. ஒரே ஒரு படம் இருந்தது, அதுவும் போயிற்று. பிறகு இந்தத் தம்பி பிறந்தான். அவனைக் கையில் கொடுக்கும்போது அம்மா சொன்னாள்: "இவன்கிட்ட அவனப் பத்திப் பேசக்கூடாது. நம்ம வீட்ல ரெண்டு பிள்ளைங்கதான்." பெரியக்கா பேசவில்லை. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியும் பேசவில்லை.

அதனால்தான் பாப்பாவின் மூச்சில் அந்தச் சத்தம் கேட்டதும் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. குழந்தைக்கு நோய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன்னைத் தேடித்தான் அவன் வந்திருக்கிறான் என்று நினைத்தாள். தன்னால் வந்தது, தான் விலகினால் போய்விடும். குழந்தையைத் தூக்குவதைக் குறைத்துக்கொண்டாள். குளிப்பாட்டும் நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போனாள். "என்ன அண்ணி, பாப்பாவ நீங்க தொடறதே இல்ல? நான் ஏதாவது சொல்லிட்டேனா?" என்று தம்பி மனைவி கேட்டதற்கு, "கையெல்லாம் சோப்புப் புண்ணு, பிள்ளைக்கு ஒட்டிக்கும்," என்று பொய் சொன்னாள்.

வாயாடியிடம்தான் கடைசியில் கொட்டினாள். அதுவும் முழுசாக அல்ல. டீ இடைவேளையில், மூட்டைகள் மேல் உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தபோது, "செத்தவங்க மூச்சு சத்தம் கேக்குமா?" என்று கேட்டுவிட்டாள்.

வாயாடி ரொட்டியை வாயில் போடாமல் நிறுத்தினாள். "யாரு செத்தது?"

"எப்பவோ செத்தது. ஒரு சின்னப் பிள்ள. இப்ப பாப்பா மூச்சுல அவன் மூச்சு கேக்குது. அவன் இழுத்த மாதிரியே இழுக்குறா."

"உங்களுக்கு மட்டுமா கேக்குது?"

"அவங்க யாரும் கவனிக்கல."

"பெரியக்கா, நான் படிக்காதவ. ஆனா ஒண்ணு கேக்கறேன். பேய்க்கு எதுக்கு மூச்சு? மூச்சு இருந்தா அது பேயே இல்லையே! இழுக்கறது பாப்பாதான். பிள்ளைக்கு மூச்சு இழுத்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவாங்களா, இல்ல ரொட்டிய நனச்சுட்டு உக்காந்திருப்பாங்களா?"

டீ டம்ளர் பெரியக்காவின் கையிலிருந்து சாய்ந்து மடியில் கொட்டியது. சுட்டது கூடத் தெரியவில்லை. மேஸ்திரியிடம் சொல்லக்கூட இல்லை. மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடினாள். மாடிப்படி ஏறும்போதே தம்பி மனைவியின் குரல் கேட்டது. "இங்க பாரு பாப்பா, இங்க பாரு..." உள்ளே போனால், குழந்தையின் உதடு நாவல்பழத் தோல் நிறத்தில் இருந்தது. விலாவுக்கு நடுவில் தோல் குழிந்து குழிந்து போனது.

"பால் குடிச்சிட்டே இருந்தா அண்ணி. திடீர்னு..."

பெரியக்கா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு கீழே ஓடினாள். பஞ்சர் கடைக்காரன் மாட்டிய சக்கரத்தை முடுக்கக்கூட நிற்காமல் வேறொருவர் வண்டியை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். நுரையீரலில் ஓட்டை விழுந்து, காற்று வெளியே கசிந்து, நெஞ்சுக் கூட்டுக்குள் தேங்கி, நுரையீரலை ஒரு பக்கமாக நசுக்கிவிட்டது. விலா எலும்புகளுக்கு நடுவே குழாய் செருகினார்கள். குழாயின் மறுமுனை ஒரு பாட்டில் தண்ணீருக்குள் இருந்தது. குழந்தை அழும்போதெல்லாம் அதில் குமிழி வந்தது. தம்பி ரொட்டி வேனோடு நேராக வந்து நின்றான். அந்தக் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விரிவான ஸ்கேன் எடுத்த மறுநாள் அறுவை மருத்துவர் அவர்களைக் கூப்பிட்டார். இளைஞர், தன்மையாகப் பேசுகிறவர்.

"பயப்படாதீங்க. நுரையீரலோட கீழ்ப்பகுதியில ஒரு காத்துக் கட்டி இருக்கு. தேன்கூடு மாதிரி, உள்ள அறை அறையா. அதுதான் வெடிச்சிருக்கு. இந்த மாதிரி கட்டி பிறவியிலயே வர்றது. பெரும்பாலும் சாதுவான கட்டிதான்."

"பெரும்பாலும்னா?" என்றான் தம்பி.

"நிறைய பிள்ளைங்களுக்கு இருக்கு. சிலருக்கு எடுக்கவே மாட்டோம், பாத்துட்டு விட்டுடுவோம். இது வெடிச்சதால எடுக்கலாமா, இல்ல கொஞ்சம் வளந்த பிறகு பாக்கலாமான்னு யோசிக்கணும். குடும்பத்துல யாருக்காவது நுரையீரல் கோளாறு, கட்டி, சின்ன வயசுல இறந்த பிள்ளைங்க..."

"யாருக்கும் இல்ல சார். நாங்க ரெண்டே பேர். அக்காவும் நானும். ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருக்கோம்."

பெரியக்கா சுவரோரம் நின்றாள். அவள் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. மருத்துவர் எழுதிக்கொண்டார். தம்பி வெளியே வந்ததும் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். சந்தோஷ அழுகை. "சாதுவான கட்டியாம். கேட்டியா? சாதுவானது." அந்தச் சொல்லை வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னான். போனில் ரொட்டிக்கூடத்து முதலாளியிடம் சொன்னான். வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், இத்தனை சின்ன உடம்பைக் கிழிக்க வேண்டாம் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான்.

பெரியக்கா குழந்தையின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழாய் போட்ட பிறகு முக்கல் நின்றிருந்தது. அதுதான் அவளை உலுக்கியது. பேயாக இருந்தால் ஒரு குழாய்க்கு அடங்குமா? அப்படியானால் அந்தச் சத்தம் நோயின் சத்தம். அப்படியானால் உருண்டையின் முக்கலும்...

அந்த நினைப்பை அவளால் அதற்கு மேல் நகர்த்த முடியவில்லை. நகர்த்தினால் அம்மாவின் வார்த்தை பொய்யாகிவிடும். பொய்யானால் அவள் இத்தனை காலம் வாழ்ந்தது எதற்கு?

மறுநாள் காலை வேறொரு மருத்துவர் வந்தார். குழந்தைகளின் கட்டிகளைப் பார்க்கிறவர். நரைத்த தலை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருக்கும் அம்மாள். ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வயித்துல இருக்கும்போது எடுத்த ஸ்கேன்ல ஏதாவது சொன்னாங்களா?"

"எல்லாம் நல்லா இருக்குன்னாங்க மேடம்," என்றாள் தம்பி மனைவி.

"ம். பிறவிக் கட்டின்னா நிறைய தடவ அப்பவே தெரிஞ்சிடும். தெரியாமலும் போகும். அத மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இது வெடிச்சிருக்கு. அந்தப் பக்க நுரையீரல்லயும் மிளகு அளவுக்கு ஒண்ணு தெரியுது. எனக்கு அதுதான் உறுத்துது."

"டாக்டர் சாதுன்னு சொன்னாரே!" தம்பியின் குரல் உயர்ந்தது.

"அவர் சொன்னதுல தப்பில்ல. நூத்துக்கு அநேகம் அப்படித்தான். ஆனா ஒரு அபூர்வமான கட்டி இருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டும் வர்றது. ஆரம்பத்துல அச்சு அசலா இதே மாதிரி காத்துப்பையாத்தான் இருக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா படத்துல எனக்கே வித்தியாசம் தெரியாது. அது அப்படியே விட்டா ரெண்டு மூணு வயசுக்குள்ள உள்ள கெட்டியாகும். கெட்டியானா சளி, நெஞ்சுல சீழ் மாதிரி தெரியும். அப்புறம் எங்க கையில இருக்காது. இப்பவே முழுசா எடுத்துட்டா, பெரும்பாலான பிள்ளைங்க பிழைச்சிடறாங்க."

"அப்ப எப்படித்தான் தெரிஞ்சிக்கறது?"

"எடுத்து, துண்டு துண்டா சீவி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில வச்சுப் பாக்கணும். அதுக்கு முன்னால ஒரே ஒரு விஷயம்தான் கை கொடுக்கும். குடும்பம். இந்தக் கட்டி வர்ற பிள்ளைங்க குடும்பத்துல பல பேருக்கு ஒரு மரபணுக் கோளாறு ஓடும். ஒருத்தருக்கு நுரையீரல்ல வரும், ஒருத்தருக்குச் சிறுநீரகத்துல, பெரியவங்களுக்குக் கழுத்துல தைராய்டு முடிச்சா வரும். சிலருக்கு ஒண்ணுமே வராது. உங்க வீட்ல..."

"அதான் சொன்னோமே மேடம். யாருக்கும் இல்ல. அக்காவும் நானும்..."

"மூணு பேர்," என்றாள் பெரியக்கா.

தம்பி திரும்பினான். "என்னக்கா?"

"நாம மூணு பேரு. உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான். மூணு வயசுல செத்துப்போனான். இதே மாதிரி இழுத்து இழுத்து. சளின்னாங்க. அப்புறம் நெஞ்சுல சீழ்னாங்க. அவன் முக்குன அதே சத்தம் பாப்பா மூச்சுலயும் எனக்குக் கேட்டுச்சு." ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். பிறகு கழுத்திலிருந்த துண்டை எடுத்தாள். தொண்டைக்குழிக்கு மேல், இரண்டு பக்கமும், கோலிக்குண்டுகளைப் பையில் போட்ட மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது. "இது எனக்கு ரொம்ப வருஷமா இருக்கு. வலி இல்ல. காட்டல."

மருத்துவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அந்தக் கழுத்தை விரல்களால் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். பெரியக்காவுக்கு ஒரு வட்டம். தம்பிக்கு ஒரு கட்டம். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு கட்டம் போட்டு, அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

அந்தக் கோட்டைப் பெரியக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். உருண்டை ஏதாவது ஒரு தாளில் இருக்கிறான் என்பதே அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

தம்பி அன்று அவளோடு பேசவில்லை. சாயங்காலம் அவன் மனைவிதான் தண்ணீர்க் குழாயடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்ளோ நாளா கேட்டுச்சு அண்ணி, அந்தச் சத்தம்?"

"கொஞ்ச நாளா."

"சொல்லியிருக்கலாமே! ஒரு வார்த்த, 'பிள்ளைக்கு என்னமோ சரியில்ல'ன்னு சொல்லியிருக்கலாமே! நான் பைத்தியக்காரி மாதிரி சோம்பேறி சோம்பேறின்னு கொஞ்சிட்டு இருந்திருக்கேன்."

"அவன்தான் வந்திருக்கான்னு நெனச்சேன்."

"யாரு?"

"செத்தவன்."

தம்பி மனைவி அவளையே பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு எதுவாகவோ மாறியது. அது இரக்கமா பயமா என்று பெரியக்காவுக்குத் தெரியவில்லை. "நீங்க அவன்கூடயே இருந்திருக்கீங்க அண்ணி, இவ்ளோ நாளும்," என்றாள். "எங்ககூட இருக்கீங்கன்னு நான் நெனச்சேன்." சொல்லிவிட்டுப் பாட்டிலை நிரப்பாமலே போய்விட்டாள்.

அறுவை முடிந்தது. நுரையீரலின் ஒரு பகுதியை அந்தக் கட்டியோடு சேர்த்து எடுத்தார்கள். குழந்தை கண் விழித்து முதலில் தேடியது பால் புட்டியைத்தான். அதைப் பார்த்து நர்ஸ் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். சோதனைக்கூடத்திலிருந்து முதல் முடிவு வந்தது. சாதாரணப் பிறவிக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை. இளைய மருத்துவரே ஓடி வந்து சொன்னார்.

தம்பி அக்காவைப் பார்த்து அன்றுதான் வாயைத் திறந்தான். "பாத்தியா? ஒண்ணுமில்லையாம். நீ சொன்ன கதையால அவள அவசரமாக் கிழிச்சிட்டாங்க."

பெரியக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அப்படியே முடிந்திருந்தால் அவளுக்கும் அது போதும். ஆனால் நரைத்த தலை மருத்துவர் அந்த முடிவை ஏற்கவில்லை. அந்தக் குடும்பப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சோதனைக்கூடத்துக்கே போனாராம். எடுத்த கட்டியில் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் சீவிப் பார்க்கச் சொன்னாராம். நாலைந்து நாள் கழித்து அவர்களைக் கூப்பிட்டார்.

"கிடைச்சிடுச்சு," என்றார். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை அந்தக் குரலில். "முதல்ல சீவின துண்டுல எல்லாம் சாதுவான சுவர்தான். மத்ததுல, ரெண்டு மூணு இடத்துல, சுவரோட உள்தோலுக்கு அடியில மெலிசா ஒரு வரிசை. சட்டையோட உள்பக்கம் ஓட்டின நூல் மாதிரி. முதிராத அணுக்கள். அதுதான் அந்தக் கட்டி."

தம்பி மனைவி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல் கட்டத்துலயே இருக்கு. ஓரம் எல்லாம் சுத்தம், முழுசா வந்துடுச்சு. இப்போதைக்கு மருந்து ஏத்த வேண்டியதில்லைன்னு நினைக்கிறோம். ஆனா அடிக்கடி படம் எடுத்துப் பாக்கணும். அந்தப் பக்கம் இருக்கிற மிளகையும் கண்ணு வச்சுட்டே இருக்கணும். முதல் முடிவ நம்பி வீட்டுக்கு அனுப்பியிருந்தா, இதையெல்லாம் யாரும் பாத்திருக்க மாட்டோம். மிச்சத்தையும் சீவச் சொன்னதுக்குக் காரணம் இவங்க சொன்னதுதான்." பெரியக்காவைக் காட்டினார்.

மற்றவர்கள் வெளியே போன பிறகும் பெரியக்கா எழுந்திருக்கவில்லை. துண்டை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது கேக்கணுமாம்மா?"

"குளிர்ந்த தண்ணி ஊத்துனா வருமா மேடம்?"

"எது?"

"இந்தக் கட்டி. மழை நாள்ல, பச்சத் தண்ணி தலையில ஊத்துனா."

யார், எப்போது என்று மருத்துவர் கேட்கவில்லை. "வராது. குளத்துல முக்கி எடுத்தாலும் வராது. இது கருவுல இருக்கும்போதே எழுதினது."

"அப்ப அவனுக்கு இதுதானா?"

"அத நான் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதும்மா. அவனோட ஒரு துளி சதை கூட இல்ல நம்மகிட்ட. இதுவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வேற எதுவோன்னாலும், தண்ணியால இல்ல. அத மட்டும் சத்தியமாச் சொல்வேன்."

பெரியக்கா எழுந்து கும்பிட்டாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "அம்மா போய்ட்டாங்களே," என்றாள். மருத்துவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினார்.

பாரம் இறங்கிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளுக்கு இறங்கவில்லை. பழைய குடித்தனக்காரன் காலி செய்துவிட்டுப் போன அறை மாதிரி நெஞ்சு எதிரொலித்தது. சலவைக்கூடத்துக்குத் திரும்பினாள். விரிப்பின் முனையைப் பிடித்தாள். பாப்பாவின் மூச்சு சீராகிவிட்டது, ஆனால் ரோலரின் சீறல் முடிகிற இடத்தில் 'க்ம்' கேட்டுக்கொண்டேதான் இருந்தது. இப்போது அது அவளைத் திட்டவில்லை. என்ன சொல்கிறது என்றும் தெரியவில்லை. திட்டாத அந்தச் சத்தத்தைத் தாங்குவது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மழை ஓயப் போகும் சமயத்தில் தம்பிக்கும் அவளுக்கும் ரத்தமும் படமும் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் அந்த மரபணு இருந்தது. அவள் கழுத்து முடிச்சுகளை எடுக்க நாள் குறித்தார்கள். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு வெகுநேரம் பேசினார்கள். அவன் வெளியே வந்து நேராக வேனில் ஏறினான். அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பின்னால் காலித் தட்டுகள் மட்டும் இருந்தன. மழை கண்ணாடியில் வழிந்தது. அவன் சாவியைப் போட்டான், திருப்பவில்லை.

"என் நுரையீரல்ல இருக்காம்க்கா," என்றான்.

"என்னது?"

"கட்டி. பழைய கட்டி. சின்ன வயசுலயே வந்து, வளராம, அப்படியே காஞ்சு நின்னுபோச்சாம். ஒண்ணும் பண்ண வேண்டாமாம். முப்பது வருஷமா அத உள்ள வச்சுட்டுத்தான் ரொட்டி மூட்ட தூக்கியிருக்கேன்." ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். "எனக்கும் வந்துச்சு, அவனுக்கும் வந்துச்சு. என்னுது நின்னுச்சு. அவனுது ஏன்க்கா நிக்கல?"

"தெரியலப்பா."

"டாக்டருக்கும் தெரியலயாம். கேட்டேன். எதுக்கு ஒண்ணு நிக்குது, எதுக்கு ஒண்ணு வளருதுன்னு யாருக்கும் தெரியாதாம். சும்மா நின்னுச்சாம். சும்மா!" தலையை நிமிர்த்தினான். "என் பொண்ணுக்கு நான்தான் குடுத்திருக்கேன். அது போகட்டும், அத நான் பாத்துக்கறேன். ஆனா அவன் பேரு கூட எனக்குத் தெரியாதேக்கா. என்ன விட மூத்தவன். அண்ணன்னு கூப்பிட்டிருப்பேன்ல?"

"உருண்டைன்னு கூப்பிடுவோம்."

"உருண்டையா?" அவன் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து நின்றது. "எப்படி இருப்பான்?"

பெரியக்கா யோசித்தாள். அவளுக்குத் திகில் பிடித்தது. இத்தனை காலம் கூடவே இருந்தவனுக்கு முகமே இல்லை. மூச்சு மட்டும்தான் இருந்தது. கண்ணாடியில் வழியும் தண்ணீரையே பார்த்தபடி, தெரிந்த ஏதோ ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

"செருப்ப மாத்தித்தான் போடுவான். வலது கால்ல இடது. எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டான். அப்பா செருப்பையும் விட மாட்டான். ரெண்டு செருப்பையும் இழுத்துட்டு நடப்பான், தெருவே திரும்பிப் பாக்கும்."

"ம்."

"முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து. அதுல தண்ணிய வச்சுப் பீச்சுவான், என் மேல. இடது புருவத்துல ஒரு தழும்பு. கதவுல மோதிக்கிட்டது. ஆமா, இடதுதான்." அவள் தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சொல்லச் சொல்ல அவன் வந்துகொண்டிருந்தான், புருவத்தோடும் பல்லோடும் சேற்றுக் காலோடும். "காக்கா கத்துனா பதிலுக்குக் கத்துவான். அது பறந்து போயிட்டா அழுவான். தன்கூடப் பேச மாட்டேங்குதுன்னு."

துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிறுத்தினாள்.

தம்பி சாவியிலிருந்து கையை எடுத்தான். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

"அப்புறம்?" என்றான்.